கறி, காசு, பறை: ஒலியை நம்பும் சொல்லாராய்ச்சி

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் நல்ல ஆசிரியர். ஒருநாள் பாடத்தில் 'கர்ரி ஃபேவர்' என்ற தொடர் வந்தது. மேலே இருப்பவரைக் குளிரவைத்துக் காரியம் சாதித்துக்கொள்வது, நம்மூர்ப் பேச்சில் காக்கா பிடிப்பது, என்று பொருள் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "ஏன் கர்ரின்னு வந்துச்சு தெரியுமாடா? வெள்ளைக்கார துரைக்கு நம்மாளுங்க கறியும் சோறும் ஆக்கிப் போட்டுத்தான் வேலை வாங்கிக்கிட்டாங்க. அதப் பாத்து அவன் உண்டாக்கின வார்த்தை இது" என்றார். வகுப்பே சிரித்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நம் அடுப்படியிலிருந்து போன சொல் அவன் மொழியில் மரபுத்தொடராகவே ஆகிவிட்டதே!

இருபது வருடத்துக்கு மேல் இதை நம்பினேன். நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். பிறகு பிழைப்புக்காக மொழிபெயர்ப்பில் இறங்கியபோது, 'கர்ரி ஃபேவர்' 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருந்தது என்று ஓர் அகராதியில் படித்தேன். கணக்கு இடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600இல்தான். சென்னையில் அவர்கள் கோட்டை கட்ட இடம் வாங்கியது 1639இல். துரை வருவதற்கு நூறு வருடம் முன்பே துரைக்கு எப்படிக் கறி ஆக்கிப் போட்டோம்?

உண்மையில் அந்தத் தொடரில் சாப்பாடே இல்லை. இருப்பது ஒரு குதிரை. பழைய பிரெஞ்சில் குதிரையைத் தேய்த்துச் சீவிச் சுத்தம் செய்வதற்கு ஒரு வினைச்சொல் உண்டு. அதுதான் ஆங்கிலத்துக்கு வந்து 'கர்ரி' ஆனது. இன்றும் குதிரை லாயங்களில் அந்தச் சீப்புக்குப் பெயர் 'கர்ரி கோம்ப்'. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் 'ரோமான் த ஃபோவெல்' என்று ஒரு நையாண்டிக் கவிதை எழுதப்பட்டது. ஃபோவெல் என்பது பழுப்பு நிறக் குதிரை. அது அரண்மனைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ராஜாக்களும் போப்பாண்டவரும் வரிசையில் நின்று அதைத் தேய்த்துவிடுகிறார்கள். ஆங்கிலேயன் இந்தக் குதிரைப் பெயரை 'ஃபேவெல்' என்றான். ஃபேவெலைத் தேய்ப்பது என்றால் முகஸ்துதி செய்வது. கொஞ்ச காலத்தில் அந்தக் குதிரை யாரென்று மறந்துபோயிற்று. காதுக்குப் பக்கத்தில் கிடைத்த சொல் 'ஃபேவர்', அதாவது தயவு. ஃபேவெல் ஃபேவர் ஆயிற்று.

ஆக, எங்கள் ஆசிரியர் செய்ததையே ஆங்கிலேயனும் ஐந்நூறு வருடம் முன்பு செய்திருக்கிறான். புரியாத சொல் ஒன்று, அதைப் போலவே ஒலிக்கும் புரிந்த சொல் ஒன்று. இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டால் மனசுக்கு நிம்மதி. 'காக்கா பிடிப்பது' என்பது 'கால் கை பிடிப்பது' என்பதன் திரிபு என்று நம் தமிழாசிரியர்கள் சொல்வார்களே, அந்த விளக்கத்தையும் இனிமேல் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாப்பிடுகிற 'கர்ரி' தமிழிலிருந்து போனதுதான். போர்த்துகீசியர்கள் வாயிலும் புழங்கி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில அச்சில் ஏறுகிறது. 1747இல் ஹன்னா கிளாஸ் எழுதிய சமையல் புத்தகத்தில் இந்தியப் பாணிக் கறிக்கே ஒரு செய்முறை வந்துவிட்டது. ஆனால் இதையும் தங்கள் சொல்தான் என்று வாதாடிய ஆங்கிலேயர்கள் உண்டு. அவர்கள் காட்டும் சான்று, இரண்டாம் ரிச்சர்ட் அரசரின் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த 'ஃபோர்ம் ஆஃப் கியூரி' என்ற சுவடி. அங்கே 'கியூரி' என்றால் சமையற்கலை. பிரெஞ்சு மூலம் கொண்ட சொல். நம் கறிக்கும் அதற்கும் ஒட்டு உறவு கிடையாது. நம்மிடம் சங்கப் பாடல்களிலேயே கறி உண்டு, மிளகு என்ற பொருளில். இங்கே நாம் குதிரைச் சீப்பைக் கறிச்சட்டிக்குள் போட்டோம். அங்கே அவர்கள் கறிச்சட்டியைத் தங்கள் அரண்மனை அடுப்பில் ஏற்றினார்கள். ஒரே ஆசைதான் இரண்டுக்கும் காரணம்.

*

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் தாய்மாமா. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தஞ்சாவூரில் இருக்கிறார். தமிழ்மேல் உயிரையே வைத்திருப்பவர். போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் போட்டார். 'ஆங்கிலத்துக்கு வாழ்வு தந்த தமிழ்' என்று தலைப்பு. ஒன்று போய் ஒன் ஆனது, எட்டு போய் எய்ட் ஆனது, காசு போய் கேஷ் ஆனது, கறி போய் கர்ரி ஆனது, கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி என்று நீளும் பட்டியல். இதன் ஏதாவது ஒரு வடிவம் உங்கள் கைப்பேசிக்கும் கட்டாயம் வந்திருக்கும்.

இந்தப் பட்டியலைக் கேலி செய்வது எளிது. அதைச் செய்ய நான் வரவில்லை. ஏனென்றால் இதில் பாதி உண்மை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் ஆங்கில அகராதிகள் எல்லாமே தமிழ்க் கணக்கில் எழுதி வைத்திருப்பவை. சிக்கல் என்னவென்றால், பட்டியல் போடுபவருக்கு உண்மையான பாதிக்கும் பொய்யான பாதிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுக்கும் அவர் காட்டும் சான்று ஒன்றேதான்: கேட்டால் ஒரே மாதிரி இருக்கிறது.

அப்படியானால் எப்படிப் பிரிப்பது? மொழியியல் படிக்காதவரும் கையாளக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு சொற்களையும் காலத்தில் பின்னோக்கி நடத்திப் பாருங்கள். உண்மையான உறவு என்றால், பின்னே போகப் போக இரண்டும் நெருங்கி வரவேண்டும். பொய்யுறவு என்றால் விலகிப் போகும்.

நம் வீட்டு உதாரணம். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல்லுக்கு ஹல்லு, பத்துக்கு ஹத்து, புலிக்கு ஹுலி, பூவுக்கு ஹூ. காதுக்கு அவ்வளவு ஒற்றுமை இல்லை. ஆனால் பழங்கன்னடத்துக்குப் போனால் அங்கே பாலுக்குப் பால்தான். பகரம் ஹகரமானது பின்னால் நடந்த மாற்றம். அதுவும் ஒரு சொல்லில் மட்டும் நடக்கவில்லை, வரிசையாக நடந்தது. இப்படி ஒழுங்கோடு வருவதுதான் உறவு. 1816இல் எல்லிஸ், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டியபோது, இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒலி ஒத்த சொற்களை மட்டும் அவர் பொறுக்கவில்லை. வேர்களையே பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார்.

இப்போது 'ஒன்'னை நடத்திப் பார்ப்போம். அந்த வகர உச்சரிப்பு பிற்காலத்தது. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் 'ஆன்'. 'ஒன்லி', 'அலோன்' என்ற சொற்களில் அந்த ஒன்றேதான் ஒளிந்திருக்கிறது. அங்கே வகரம் ஏறவில்லை பாருங்கள். இன்னும் பின்னே போனால் ஜெர்மானிய 'ஐன்', லத்தீன் 'ஊனுஸ்', அதற்கும் முன்னே 'ஒய்னோஸ்'. நம் பக்கமோ ஒன்று, ஒரு, ஓர், கன்னடத்தின் ஒந்து என்று வேறு திசையில் போகிறது.

எட்டு இதைவிடத் தெளிவு. 'எய்ட்' என்ற எழுத்துக்கூட்டலில் உச்சரிக்காத இரண்டு எழுத்துகள் நடுவில் நிற்கின்றனவே, அவை பழைய ஒலி ஒன்றின் கல்லறை. ஜெர்மனில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது: 'ஆஹ்ட்'. லத்தீனில் 'ஒக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. நம் எட்டு? எண்பது, எண்ணூறு, எண்திசை, எண்கோணம். எட்டின் வேர் 'எண்'. ஒருவன் ஒக்டோவை நோக்கிப் போகிறான், இன்னொருவன் எண்ணை நோக்கிப் போகிறான். நடுவழியில் ஒரு தெருமுனையில் இரண்டு பேரும் ஒரே நிறச் சட்டையில் நின்றார்கள், அவ்வளவுதான்.

தேவநேயப் பாவாணரைப் படித்தவர்களுக்கு இங்கே மனத்தாங்கல் வரலாம். எனக்கும் அவரிடம் பெரிய மரியாதை உண்டு. தமிழ்ச் சொற்களின் உள்கட்டுமானத்தை, வேரும் கிளையுமாக, அவர் காட்டிய இடங்கள் இன்றும் வியக்க வைப்பவை. ஆனால் 1966இல் வந்த அவருடைய ஆங்கில நூல் தமிழை உலக மொழிகளுக்கே தாயாக நிறுத்தும்போது, அங்கே ஒலியொப்புமை தாங்க வேண்டிய எடைக்கு மேல் தாங்குகிறது. பாவாணரிடம் கடும் உழைப்பாவது இருந்தது. வாட்ஸ்அப் பட்டியல் அவருடைய முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிட்டது.

*

மாமாவின் பட்டியலில் என்னை வெகுநேரம் பிடித்து வைத்தது காசுதான்.

ஆங்கிலத்தில் 'கேஷ்' ஒரு சொல் அல்ல, இரண்டு. கையில் புழங்கும் பணம் என்ற முதல் கேஷ், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சு 'கெஸ்' அல்லது இத்தாலிய 'காஸா'விலிருந்து வந்தது. பொருள், பெட்டி. இரண்டுக்கும் தாய் லத்தீன் 'காப்ஸா'. முதலில் பணப்பெட்டியைக் குறித்தது, பிறகு பெட்டிக்குள் இருப்பதற்கே பெயராயிற்று. பெட்டி என்ற பொருளில் வரும் 'கேஸ்' இதற்கு உடன்பிறப்பு. மாத்திரைக் 'கேப்ஸ்யூல்' கூட இதே குடும்பம்தான். கல்லாவில் உட்காரும் 'கேஷியர்' இந்தப் பெட்டியின் ஆள். ஆனால் ராணுவ அதிகாரியைப் பட்டம் பறித்து விரட்டுவதற்கும் 'கேஷியர்' என்றுதான் வினைச்சொல். அது முறித்துப்போடுவது என்ற பொருளுள்ள வேறொரு வேரிலிருந்து வந்தது. பணத்தைக் கையாண்டு மாட்டிக்கொண்ட கேஷியரைக் கேஷியர் செய்தார்கள் என்று ஒரே மூச்சில் சொல்லலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியம்.

இரண்டாவது கேஷ் தென்னிந்தியாவின் சிறு நாணயம். இது நம் காசேதான், சந்தேகமில்லை. போர்த்துகீசியர் இங்கே வந்து காசு என்ற சொல்லைக் கேட்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே 'காய்ஷா' என்று ஒரு சொல் இருந்தது. பொருள், பெட்டி. அதே லத்தீன் காப்ஸாவின் பிள்ளை. காசு அவர்கள் வாயில் காய்ஷாவோடு கலந்தது. ஆங்கிலேயன் அதைத் தன் கேஷோடு கலந்தான். அதாவது நம் காசுக்கு ஐரோப்பியப் பெட்டியின் ஒலி ஏறிக்கொண்டது. நடுவில் ஓட்டை போட்ட சீன நாணயத்தையும் இதே பெயரால்தான் அழைத்தார்கள்.

கம்பெனி ஆட்சியின் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1808இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், சோஹோ நாணயச்சாலையில், சென்னை மாகாணத்துக்கென்று செப்புக் காசுகள் அடித்தார்கள். 10 கேஷ், 20 கேஷ் என்று ஆங்கிலத்திலேயே பொறித்தார்கள். அவற்றை ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரையோரத்து மணல்திட்டில் மோதி மூழ்கியது. பல டன் காசு கடலடியில் போயிற்று. 1980களில்தான் அவற்றை அள்ளி எடுத்தார்கள். இன்று நாணயம் சேகரிப்பவர்கள் அவற்றை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். நம் சொல் ஒன்று ஆங்கில எழுத்தில் செம்பில் அடிக்கப்பட்டு, ஆங்கிலக் கடலடியில் நூற்றெழுபது வருடத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. இது கட்டுக்கதை அல்ல, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று. ஆனால் 'காசு போய் கேஷ் ஆனது' என்ற ஒற்றை வரி இந்தக் கதை முழுவதையும் விழுங்கிவிடுகிறது. இல்லாத உரிமையைக் கேட்கப்போய் இருக்கிற உரிமையைக் கோட்டைவிடுகிறோம். நாளைக்கு ஓர் ஆங்கிலப் பேராசிரியர் முதல் கேஷின் வரலாற்றை எடுத்துப் போட்டால், இரண்டாவது கேஷும் சேர்ந்து சிரிப்புக்கு ஆளாகும்.

*

கொச்சைச் சொற்களில் இந்த வியாதி இன்னும் அதிகம். தெருவில் பிறக்கும் சொல்லுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அது அச்சில் ஏறுவதற்குள் பிறந்த இடம் மறந்துபோகும். அந்தக் காலி இடத்தில் கதை வந்து குடியேறும்.

போலீஸ்காரருக்கு ஆங்கிலக் கொச்சையில் 'காப்பர்', சுருக்கமாகக் 'காப்'. செம்புக்கும் காப்பர்தான். உடனே கதை: அவர்கள் சட்டையில் செம்புப் பொத்தான் இருந்ததாம். இன்னொரு கதை, ரோந்து போகும் கான்ஸ்டபிள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளாம் அவை. இரண்டும் இல்லை. வட இங்கிலாந்து வழக்கில் 'காப்' என்றால் பிடிப்பது. பிடிப்பவன் காப்பர். 1840களில் அச்சில் வருகிறது. செம்பாகிய காப்பரோ சைப்ரஸ் தீவின் பெயர். அங்கிருந்து வந்த உலோகம் என்று ரோமானியர்கள் வைத்த பெயர் அது. நம்பத்தக்க கதைகளும் உண்டு. லண்டன் போலீஸ் படையை 1829இல் அமைத்த ராபர்ட் பீல் பெயரிலிருந்துதான் 'பாபி', 'பீலர்' இரண்டும் வந்தன. அதற்கு ஆளும் ஆண்டும் இருக்கின்றன. நம் சென்னையில் போலீஸ்காரரை 'மாமா' என்கிறார்களே, அதற்கு ஐம்பது வருடம் கழித்து யாராவது ஒரு பெயர்ச்சுருக்கம் கண்டுபிடிக்காமல் இருக்க வேண்டும்.

'போஷ்' என்ற சொல்லின் கதை இன்னும் பிரபலம். கிழக்கே வரும் கப்பலில் இடப்பக்க அறைக்கு வெயில் குறைவு, திரும்பும்போது வலப்பக்கத்துக்கு. பணக்காரர்கள் போகும்போது இடமும் வரும்போது வலமும் கேட்டு வாங்குவார்களாம். அந்த நாலு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சீட்டில் அச்சாகியிருக்குமாம். அப்படி ஒரு சீட்டை இதுவரை யாரும் காட்டவில்லை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் திருட்டுப் பாஷையில் போஷ் என்றால் சில்லறைக் காசு. ரோமானி மக்களின் மொழியில் பாதி என்று பொருள்படும் சொல்லிலிருந்து, அரைப்பென்னிக்குப் பெயராக வந்தது அது. 1890இல் ஒரு கொச்சை அகராதி பகட்டுக்காரனுக்குப் போஷ் என்று பெயர் சொல்கிறது. அந்த ரோமானியர்களின் மூதாதையர் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். பணக்காரர் கப்பலைவிட எனக்கு இந்தத் தெருப்பாதைதான் நம்பும்படி இருக்கிறது.

நேரே இங்கிருந்தே போன கொச்சைகளும் உண்டு. சுகமான வேலைக்கு ஆங்கிலேயன் 'குஷி ஜாப்' என்கிறான். மெத்தென்ற 'குஷன்' நினைவுக்கு வரும். ஆனால் குஷன் பிரெஞ்சு. இந்தக் குஷி நாம் குஷியாக இருக்கிறேன் என்கிறோமே அதேதான். பாரசீகத்திலிருந்து உருதுக்கு வந்து, அங்கிருந்து நமக்கும் வந்தது, இந்தியாவில் இருந்த சிப்பாய்கள் வழியாக அவர்களுக்கும் போனது. அதேபோல 'பிளைட்டி'. 'விலாயத்தி' என்ற உருதுச் சொல்தான் அது. அயல்நாட்டு என்று பொருள், நாம் சீமைச் சரக்கு என்பதைப் போல. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் பிளைட்டி என்றால் சொந்த ஊர். உயிர் போகாத, ஆனால் ஊருக்கு அனுப்பிவைக்கப் போதுமான காயத்துக்கும் பிளைட்டி என்றே பெயர். பயிரை அழிக்கும் நோயான 'பிளைட்'டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நமக்கு வெளிநாடு என்று பொருள்பட்ட சொல்லைச் சொல்லிக்கொண்டு அவர்கள் தங்கள் வீட்டை நினைத்து அழுதிருக்கிறார்கள்.

இந்தச் சொற்களைப் பற்றிப் பேசும்போது 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியைத் தாண்டிப் போக முடியாது. 1886இல் வந்தது. ஆசிரியர்கள் ஹென்றி யூல், ஆர்தர் பர்னெல். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகம் வெளிவருவதற்கு நாலு வருடம் முன்பே இறந்துவிட்டார். தலைப்பே ஒரு செவிப்பிழை. மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹசன், யா ஹுசைன்' என்று எழும் குரல் வெள்ளைச் சிப்பாய் காதில் ஹாப்சன், ஜாப்சன் என்று இரண்டு ஆங்கிலப் பெயர்களாக விழுந்தது. நாமும் சளைத்தவர்கள் அல்ல என்பதற்கும் அதே புத்தகத்தில் சாட்சி உண்டு. சென்னையில் ஹாமில்டன் பெயரில் இருந்த பாலம் நம் வாயில் அம்பட்டன் பாலமாகி, அதை வெள்ளைக்காரர்கள் மறுபடி மொழிபெயர்த்து நாவிதர் பாலம் ஆக்கிவிட்டார்கள்.

இதை அகராதி என்று மட்டும் சொல்வது அநியாயம். எந்தச் சொல்லை எடுத்தாலும் பயணிகள், வியாபாரிகள், பாதிரிமார் எழுதியவற்றை ஆண்டு வரிசையில் அடுக்கி, சொல் நடந்து வந்த தடத்தைக் கண்முன் காட்டுகிறது. நான் மேலே சொன்ன சோதனையின் செயல்முறை விளக்கம் என்றே இதைப் படிக்கலாம். அந்த யூலும் பர்னெலும்கூட ஓரிடத்தில் வழுக்கினார்கள். எனக்குக் கொஞ்சமும் அக்கறை இல்லை என்பதற்கு 'ஒரு டேம்கூடக் கொடுக்கமாட்டேன்' என்பது ஆங்கில வழக்கு. இந்த டேம் வசைச்சொல் அல்ல, 'தாம்' என்ற முகலாயச் செப்புக்காசு என்று அவர்கள் ஊகித்தார்கள். அக்பர் காலத்தில் 40 தாம் ஒரு ரூபாய். நமக்கும் சல்லிக்காசுக்கு மதிக்கமாட்டேன் என்ற வழக்கு இருப்பதால் ஊகம் இனிக்கிறது. ஆனால் ஆங்கிலத்திலேயே சாபம் என்ற சொல்லை வைத்து இதே அமைப்பில் வழக்கு உண்டு. காசுக்குச் சான்று இல்லை என்று ஆக்ஸ்போர்டு அகராதி அதைத் தள்ளிவிட்டது. சொல்லைக் காதலிப்பவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் காது ஏமாற்றும்.

*

மாமாவின் பட்டியலில் ஒரு சொல் இல்லை. இதுவரை எனக்கு வந்த எந்தப் பட்டியலிலும் அது இருந்ததில்லை. ஆனால் தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் ஒருமித்துச் சொல்வதும், உலகம் முழுக்க தினமும் அச்சில் வருவதும் அந்தச் சொல்தான். 'பரையா'.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. பறை முழக்குபவர் என்ற பொருளில் பறையர். புறநானூற்றுப் பாடல் ஒன்று துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்து நான்கு குடிகள் என்று எண்ணுகிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. பெயரில் இழிவு ஏதுமில்லை. இழிவை ஏற்றியவர்கள் நாம். ஐரோப்பியர்கள் கரையிறங்கி அந்தப் பெயரைக் கேட்டபோது, பெயரோடு சேர்த்து நாம் அதைச் சொன்ன தொனியையும் வாங்கிக்கொண்டார்கள். தெருநாய்க்கும், பருந்துக்கும், மட்டச் சாராயத்துக்கும் அந்தப் பெயரை முன்னொட்டாக வைத்தார்கள். ஹாப்சன்-ஜாப்சன் பக்கங்களில் இவை பதிவாகியிருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் சமூகத்திலிருந்து விலக்கப்பட்ட எவருக்கும் பெயராயிற்று. 1838இல் ஃப்ளோரா த்ரிஸ்தான் என்ற பிரெஞ்சுப் பெண் தன் பயண நூலின் தலைப்பில் தன்னையே பரையா என்று அழைத்துக்கொண்டார். 1944இல் ஹன்னா அரெண்ட் யூதர்களைப் பற்றிய கட்டுரைக்கு அந்தச் சொல்லைத் தலைப்பாக்கினார். இன்று உலகம் ஒதுக்கிவைக்கும் நாடு 'பரையா ஸ்டேட்'.

இங்கே ஒலியொப்புமை எதையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. பின்னோக்கி நடந்தால் சொல் நேராக நம் ஊருக்கு வருகிறது. அந்தத் தெருவுக்கு வருகிறது.

ஒருமுறை அரசியல் கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கும்போது இந்தச் சொல் வந்தது. கட்டுமரம் என்றோ சுருட்டு என்றோ வந்திருந்தால் தமிழில் அப்படியே எழுதிவிட்டுப் போயிருப்பேன். இதை எப்படி எழுதுவது? மூலச்சொல்லை எழுதினால் ஒரு மக்களின் பெயரை மறுபடி வசையாக்குகிறேன். 'தீண்டத்தகாத நாடு' என்றால் அதே குற்றத்தை வேறு சொல்லில் செய்கிறேன். கடைசியில் 'ஒதுக்கிவைக்கப்பட்ட நாடு' என்று எழுதினேன். பிழையில்லாத மொழிபெயர்ப்புதான். ஆனால் தமிழிலிருந்து போன ஒரு சொல் திரும்பி வந்து நின்றபோது, அதை வாசலிலேயே பெயர் மாற்றி உள்ளே விட்டேன்.

1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்று பெயர் வைத்தார். ஆங்கிலேயன் அதை நாய்க்கு முன்னொட்டாக வைத்திருந்த காலம், நம்மவர்கள் அதை வசையாக வைத்திருந்த காலம். பெரிய எழுத்தில் அதைப் பத்திரிகைத் தலைப்பாக அச்சடித்தது, நான் படித்த எந்தச் சொல்லாராய்ச்சியையும்விட நேர்மையான செயல் என்று நினைக்கிறேன். சொல் எங்கிருந்து வந்தது என்று அவர் ஆராயவில்லை. அது யாருடையது என்று சொன்னார்.

மாமாவுக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதினேன். ஒன்னையும் எட்டையும் எடுத்துவிடச் சொன்னேன். காசுக்குப் பக்கத்தில் கப்பல் கதையைச் சேர்க்கச் சொன்னேன். கடைசியில், விட்டுப்போன இந்தச் சொல்லையும் சேர்க்கச் சொன்னேன். குழுவில் யாரும் பதில் போடவில்லை. ராத்திரி மாமாவே போன் செய்தார்.

"கப்பல் கதை பிரமாதம் மாப்ளே. அத அப்பிடியே நாலு குரூப்புக்கு அனுப்பிட்டேன். ஒன்னு, எட்டு விஷயமும் சரி, ஒத்துக்கிறேன். ஆனா அந்தக் கடைசி வார்த்தை எதுக்குடா இதுல? நாம நல்ல விஷயம்தானே சொல்லிக்கிட்டிருக்கோம்?"

"அதுவும் நம்ம வார்த்தைதானே மாமா. சந்தேகமே இல்லாத வார்த்தை அது ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அது சரி... உங்க அத்தை கூப்பிடுறா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்துத் திருத்திய பட்டியல் குழுவில் வந்தது. ஒன் இல்லை, எய்ட் இல்லை. கேஷுக்குக் கீழே கப்பலும் பர்மிங்காமும் சரியாக இருந்தன. கடைசிச் சொல் அதில் இல்லை.